பழைய பெட்டியும் பஸ் எஞ்சினும்

ரத்தினம் வீட்டை விட்டுப் போனது எண்பத்தெட்டாம் வருஷம், ஆடி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை. தாம்பரத்தில் எஞ்சின் விலை விசாரித்துவிட்டு வருவதாகச் சொன்னான். செவ்வாய்க்கிழமையில் யாரும் வெளியூர் கிளம்ப மாட்டார்கள் என்பதால் மனைவி கிளியம்மாளுக்குச் சந்தேகமே வரவில்லை. சில நாள் கழித்துத்தான் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். அவனுடைய நல்ல சட்டைகளைக் காணோம்.

அவன் ஓட்டிய லாரி மட்டும் வாசலிலேயே நின்றது. பழைய பெட்ரோல் வண்டி. பம்மல் குவாரியில் ஜல்லி ஏற்றிப் பள்ளிக்கரணையில் வீடு கட்டுகிறவர்களுக்குக் கொட்டிக்கொண்டிருந்தது, எஞ்சின் பழுதாகி நிற்கும்வரை. காயலான் கடைக்குப் போடச் சொல்லித் தெருவே புத்தி சொன்னது. போட்டுவிட்டால் கிளியம்மாள் மறுபடி தோல் பதனிடும் ஷெட்டுக்குத்தான் போக வேண்டும். கல்யாணத்துக்கு முன் அங்கே சுண்ணாம்புத் தண்ணீரில் வெந்த விரல்கள் அவளுக்கு மறக்கவில்லை. வண்டி ஓடியாக வேண்டும்.

மெயின் ரோட்டில் மெக்கானிக் ஷெட் வைத்திருந்த ஏசுதாசனிடம் சொன்னாள். கிளட்ச், பிரேக் வேலையெல்லாம் பார்ப்பான். பெட்ரோலை எடுத்துவிட்டு டீசல் எஞ்சின் வைப்பது அவனுக்கு இதுதான் முதல் தடவை. கழித்துக் கட்டிய பஸ் ஒன்றின் எஞ்சினைத் தேடிப் பிடித்துவிட்டு வந்து நின்றான்.

"எஞ்சின் கெடச்சிச்சிக்கா. பேஜாரே இனிமேதான்."

"இன்னா பேஜாரு?"

"கியர் பெட்டி. உன் வண்டியில கீறது பெட்ரோலுக்குப் பண்ணது. டீசல் மெதுவாச் சுத்தும், ஆனா இழுப்பு ஜாஸ்தி. பல்லு தாங்குமான்னு தெரில. அந்த பஸ் பெட்டியையே சேத்து எடுத்துக்கலாம். ரெண்டும் பழகினதுங்க."

அவள் வேலைக்கு வைத்திருந்த டிரைவர் சவுரிமுத்து பீடியை எடுத்துவிட்டுச் சிரித்தார். "பொருத்தம் பாக்கறான் பாரு. நட்சத்திரம் இன்னாடா, சொல்லு."

கிளியம்மாள் சிரிக்கவில்லை. ஆயுத பூஜையன்று ரத்தினம் சந்தனத்தை முதலில் கியர் தண்டில்தான் வைப்பான். அவன் வைத்த பிறகுதான் மற்றவர்கள் வண்டியைத் தொடலாம். எஞ்சினை மாற்றினால் அது வைத்தியம். அந்தப் பெட்டியையும் கழற்றினால், அவன் இனி வரமாட்டான் என்று அவளே ஊருக்குச் சொன்னதாகிவிடும் என்று நினைத்தாள்.

"பழசே இருக்கட்டும்" என்றாள்.

"அக்கா..."

"எஞ்சினை மட்டும் மாத்துடா."

ஏசுதாசன் எஞ்சின் பின்முகத்தில் கிரீஸ் தடவி, அட்டையை அழுத்தி, போல்ட் ஓட்டைகளின் அச்சை எடுத்தான். பெட்டியின் முகத்துக்கும் ஓர் அட்டை. லேத்து பட்டறையில் இரண்டுக்கும் பொதுவாக ஓர் இரும்புத் தட்டு கடைந்து நடுவில் வைத்தான். வண்டி ஓடியது. தை பிறக்கும்வரை ஓடியது.

ஒருநாள் முழு லோடோடு குவாரிப் பள்ளத்திலிருந்து ஏறும்போது உள்ளே ஏதோ நொறுங்கியது. வண்டி பின்னால் உருண்டது. சவுரிமுத்து ஸ்டியரிங்கை ஒடித்துக் கற்குவியலில் சாய்த்து நிறுத்தினார். பெட்டியைத் திறந்தபோது எண்ணெயில் பற்கள் கிடந்தன.

சவுரிமுத்து கத்தினார். "வூட்டுக்காரன் வருவான்னு நீ காத்துக்கினு இருப்ப, சாவறது நானா?"

கிளியம்மாள் பழைய பெட்டியைக் கழற்றச் சொன்னாள்.

அந்த பஸ் பெட்டி அதற்குள் விலைபோயிருந்தது. அதே மாதிரி ஒன்றை அவளே தேடிப் போனாள். கிளட்ச் தட்டைக் கூடைப்பையில் போட்டுக்கொண்டாள், கூடவே ஏசுதாசன் அளந்து வெட்டிக் கொடுத்த ஒரு குச்சி. "பெட்டி முன்னால நீட்டுற தண்டுல தட்டு ஏறினா மட்டும் போதாதுக்கா. தண்டு இந்தக் குச்சி அளவுக்கு நீட்டிக்கினு இருக்கணும். குட்டையா இருந்தா முனை எஞ்சின் பேரிங்ல போய் உக்காராது. அந்தரத்துல ஆடும்." பஸ் மாறி பஸ் ஏறி, காயலான் கடை ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து தட்டை மாட்டிப் பார்த்தாள். சிலதில் பல்வரிசை சேரவில்லை. சேர்ந்த ஒன்றில் தண்டு குட்டை. "இன்னாம்மா, வளையல் அளவு பாக்கறியா?" என்று ஒரு கடைக்காரன் கேட்டான். அவள் தட்டைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த கடைக்கு நடந்தாள். கேளம்பாக்கம் தாண்டி ஒரு கொட்டகையில்தான் தட்டும் வழுக்கிக்கொண்டு போனது, குச்சியும் ஒத்து நின்றது.

புதுப் பெட்டி பழசைவிட நீளம். பின்சக்கரங்களுக்குப் போகும் ஷாஃப்டைக் குரோம்பேட்டையில் வெட்டி ஒட்ட வேண்டியிருந்தது. கியர் தண்டு சீட்டுக்குப் பின்பக்கம் தள்ளி வந்ததால் அதற்கு ஒரு வளைந்த கம்பி. முதல் வாரம் முழுக்க சவுரிமுத்து திட்டிக்கொண்டே ஓட்டினார். குவாரிப் பள்ளத்தில் வண்டி மூச்சு வாங்காமல் ஏறிய அன்று திட்டுவதை நிறுத்தினார்.

ஆயுத பூஜை வந்தது. சந்தனக் கிண்ணத்தோடு சவுரிமுத்து ஒதுங்கி நின்றார். "நீயே வைண்ணே" என்று சொல்லிவிட்டு அவள் கற்பூரம் தேட உள்ளே போனாள்.

வருஷங்கள் ஜல்லியாகவே போயின. அவளுக்கு முட்டி வலி வந்தது. தொண்ணூற்று ஐந்தில் ஒரு மத்தியானம், தெருமுனை எஸ்.டி.டி. பூத்தில் உட்காரும் பேபி வெயிலில் ஓடி வந்தாள்.

"அக்கா, உன் வூட்டுக்காரரு நெல்லூர்லேர்ந்து பேசினாரு. உன்ன இட்டுக்கினு வரச் சொல்லல. வண்டி வாசல்லயே நிக்குதான்னு கேட்டாரு. இல்ல, லோடுக்குப் போயிருக்குதுன்னேன். யாரு ஓட்டறான்னாரு. சவுரிமுத்தண்ணன்னு சொன்னேன். அப்புறம் சத்தமே இல்ல. லைன் கட்டாச்சா, அவரே வச்சிட்டாரா, தெரிலக்கா."