தீக்குச்சிக்கு ஒரு ரிலே

எலக்ட்ரீஷியனான நான், அம்பத்தூர் பட்டறையில் தகடு அடிக்கும் பிரஸ்ஸுக்கு ரிலே என்னும் மின்சார சுவிட்ச் இரண்டைத் தொடராக இணைத்தேன். இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும், விரல் தப்பும்.

ஆபரேட்டர் மகா புத்திசாலி. ஒரு பொத்தானில் தீக்குச்சியைச் செருகி அழுத்தியபடியே நிறுத்திவிட்டு, மிச்சமான கையால் பிரஸ்ஸுக்குள் தகட்டைத் தள்ளினார். வேலை பறந்தது. விரல் பறப்பதுதான் பாக்கி.

எடுத்துச் சொல்ல எனக்குக் கூச்சம். பேசாமல் மூன்றாவது ரிலே ஒன்றைச் சேர்த்தேன். ஒவ்வொரு அடிக்கும் பிறகு இரண்டு பொத்தானையும் விட்டால்தான் அடுத்த அடி விழும்.

“இன்னா மாமே, நல்லா ஓடிகினு இருந்த மிஷினைக் கெடுத்து வச்சிகீறே? குச்சி சொருவுனா நின்னுபூடுது!”

ஆபரேட்டர் நேராக முதலாளியிடம் போய், என் தொழில் லட்சணத்தைப் பத்து விரலையும் ஆட்டி ஆட்டி விளக்கினார்.