மூணாம் நம்பர் மூட்டை

எமனே வந்து கேட்டாலும் எங்கள் அப்பாவின் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்க முடியாது என்று பீங்கான் கம்பெனி முதலாளி விருத்தாசலம் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவார். அப்பா அங்கே ஸ்டோர் கீப்பர். பொம்மைகளுக்குப் பளபளப்பு ஏற்றும் தூள்கள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். இறங்கிய கையோடு லேபிளைக் கிழித்து எரித்துவிட்டு, மூட்டை மேல் வெறும் நம்பர் எழுதுவது அவருடைய வேலை. பக்கத்துக் கம்பெனிக்காரன் கலவையைத் தெரிந்துகொள்ளக் கூடாதாம். பில்கள் எல்லாம் பீரோவுக்குள், சாவி அப்பாவின் அரைஞாண் கயிற்றில். வேலைக்கு வருகிறவர்கள் செல்போனைக் கேட்டிலேயே கொடுத்துவிட வேண்டும். அடேயப்பா, அரசாங்க கஜானா கெட்டது போங்கள்! நான் நச்சரித்தால், "எனக்குத் தெரியும், ஆனா சொல்லமாட்டேனே" என்று அப்பா கண்ணடிப்பார்.

அந்தத் தூள்களைக் கலந்தவர் என் சித்தப்பா. வேலை வாங்கிக் கொடுத்ததே அப்பாதான். மூணாம் நம்பர் தூள் குங்குமம் மாதிரி இருக்கும். சித்தப்பாவின் நகக்கண்ணில் எந்நேரமும் அந்தச் சிவப்பு ஒட்டியிருக்கும். அதே கையால்தான் சாப்பிடுவார், எனக்கு முறுக்கும் நீட்டுவார்.

நான் ஐந்தாவது படித்தபோது சித்தப்பாவுக்கு வயிற்றைச் சுருட்டிப் பிடிக்கும் வலி வந்தது. பிறகு மணிக்கட்டு தொங்கிப்போய் டம்ளரைக்கூடத் தூக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

"என்ன தூளுப்பா அது? பேரு தெரிஞ்சாத்தான் சரியான வைத்தியம் பாக்க முடியும்" என்றார் டாக்டர்.

"மூணாம் நம்பருங்க சார்" என்றார் சித்தப்பா.

டாக்டர் அப்பாவைப் பார்த்தார். அப்பா வராந்தாவுக்குப் போய் முதலாளிக்குப் போன் போட்டார். "டாக்டர்கிட்ட மட்டுந்தாங்க, வேற யாருக்கும் போவாதுங்க" என்று கெஞ்சியது எனக்குக் கேட்டது. அப்புறம் வெறும் "சரிங்க, சரிங்க"தான். உள்ளே வந்து, "தெரியலீங்க சார், மூட்டையில நம்பருதான் இருக்குது" என்றார்.

டாக்டர் உதட்டைப் பிதுக்கிவிட்டு வயிற்றுப் புண்ணுக்கு மருந்து எழுதினார். அப்பா சீட்டை வாங்கிக்கொண்டு மருந்துக் கடைக்கு ஓடினார்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. சித்தப்பாவின் காதருகே குனிந்து, "அப்பாவுக்குத் தெரியும் சித்தப்பா. சொல்லமாட்டாங்க" என்றேன்.

"அண்ணனுக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும்மா. நான் டாக்டர்கிட்ட சொல்லி அவருக்கு வேலை போயிடக் கூடாது. அவராவே சொல்லுவாருன்னு பாத்துக்கினு இருக்கேன்" என்றார்.

அந்த வருஷப் பொங்கலை சித்தப்பா பார்க்கவில்லை. முதலாளி பெரிய மாலையோடு வந்தார், பாவி. அந்தச் சிவப்புத் தூள் ஈய ஆக்சைடு, உடம்பில் சேர்ந்தால் ஆளைக் கொல்லும் விஷம் என்பது நான் கல்லூரியில் வேதியியல் படித்தபோதுதான் தெரிந்தது. அதன்பிறகு என்னால் அப்பாவோடு உட்கார்ந்து சாப்பிட முடிந்ததில்லை.

ஆனால் அன்று ஆஸ்பத்திரியில் அப்பா மருந்தோடு திரும்பி வந்தபோது, அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஒரு டாக்டரையே ஏமாற்றிவிட்டார்களே, என்ன கெட்டிக்காரர்கள் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.