ரொட்டிக்குக் காவல்

எனக்குச் சொல் பைத்தியம். சுற்றுலா வழிகாட்டி வேலைக்காக ஜெர்மன் படித்ததிலிருந்து அது முற்றிவிட்டது. ஆங்கிலத்தில் வாட்டர், ஜெர்மனில் வாசர், இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லயத்தில் அகப்பட்டவர்களை நிறுத்தி வைத்துச் சொல்வேன். அக்கா மட்டும், "அடுப்புக்கு வெறகு இல்ல, அதுக்கு ஜெர்மன்ல என்னா?" என்பாள்.

இறம்பொடைப் பக்கம் தோட்டத்துத் துரையின் பழைய பங்களா ஒன்று இப்போது ஹோட்டல். அங்கே தங்கிய ஜெர்மன்காரர்களுக்குத் தேங்காய் ரொட்டி செய்து காட்ட அக்காவைக் கூப்பிட்டார்கள், மொழிபெயர்க்க நான். கொழுந்து பறிக்கும் அக்காவுக்கு ரொட்டி பெரிய காரியமில்லை. பயம் பங்களாவைப் பற்றித்தான். எங்கள் அம்மா அங்கே குசினியில் பாத்திரம் கழுவியவர். லயத்து ஆட்களுக்குப் பின்கதவுதான். முன்வாசல் படியை அம்மா மிதித்ததே இல்லை.

"தொரசாணி நின்ன எடத்துல நான் எப்படிடா நிக்கிறது" என்று வழியெல்லாம் புலம்பினாள்.

விருந்தினர்கள் முன்வாசலில் மாலையோடு காத்திருந்தார்கள். இவளோ பின்பக்கமாகப் போய், குசினி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, குனிந்த தலையோடு கூடத்துக்கு வந்து நின்றாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

மாவு திரண்டு உருண்டதும், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் "லைப்!" என்றார். முழு ரொட்டிக்கு ஜெர்மன் சொல் அது. ஆங்கிலத்தின் லோஃப் அதன் உடன்பிறப்பு. பழைய ஆங்கிலத்தில் ஹ்லாஃப். அதிலிருந்து பிறந்ததுதான் லேடி என்ற சொல்லும் என்றார் அவர். எனக்கே அது புதுசு. வாய் கொள்ளாத சந்தோஷத்தோடு அக்காவிடம் சொன்னேன்.

"அக்கா, லேடின்னா, அதான் தொரசாணின்னா, ஆதியில ரொட்டி மாவு பிசையிறவள்னு அர்த்தமாம்!"

"தொரசாணியா? மாவா?" பிசைந்த கை நின்றது. "அப்ப தொர?"

"லார்டுங்கிற சொல்லும் அதே வழிதான். ரொட்டிக்குக் காவல்காரன்."

அக்கா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "அது சரிதான். நம்ம கைக்கு வராம நல்லாத்தான் காவல் காத்தாங்க!"

அதை மொழிபெயர்த்தபோது முதலில் யாரும் சிரிக்கவில்லை. பிறகு ஆசிரியை அக்காவின் மாவுக் கையையே பிடித்துக் குலுக்கினார். ரொட்டி அருமையாக வந்தது.

புறப்படும்போது நான் குசினிப் பக்கம் திரும்பினேன். அக்கா வெறுங்காலோடு முன்வாசல் படியில் இறங்கிக்கொண்டிருந்தாள்.

"செருப்பு பின்னால கெடக்கு," என்றாள் திரும்பிப் பார்க்காமலே. "எடுத்துட்டு வா. நான் இங்கதான் நிப்பேன்."