பார்க்காமல் சொன்ன ‘சுத்தம்’

அந்தக் கேமரா உதவியாளருக்குப் படப்பிடிப்பில் வைத்த பெயர் ‘ஒரு நிமிஷம்’. எதையும் இன்னொரு தடவை பார்க்காமல் விடமாட்டார். லென்ஸ் மூடியா, ஒரு நிமிஷம். வீட்டுப் பூட்டா, ஒரு நிமிஷம். கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் பேருந்தை விட்டு இறங்கி வந்த மனிதர். “எங்க கல்யாணத்துக்கே இவர் லேட்டு” என்பாள் மனைவி.

டிஜிட்டல் கேமரா வந்த பிறகு பதினைந்து வருடம் கொஞ்சம் நிம்மதியாக இருந்தார். எடுத்ததை அங்கேயே மானிட்டரில் பார்த்துவிடலாம், சந்தேகத்துக்கு வேலையில்லை. அந்த நிம்மதியில் மண்ணைப் போட்டார் இந்தப் படத்தின் இயக்குநர். எண்பது வருடத்துக்கு முந்தைய கதை, ஃபிலிமில்தான் எடுப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். “டிஜிட்டல்ல மாறுவேஷப் போட்டி மாதிரி இருக்கு. ஒட்டுமீசையோட பசைகூடத் தெரியுது” என்றார். பொய்யில்லை. சோதனைக்கு இரண்டிலும் எடுத்துப் பார்த்தபோது, ஃபிலிமில் கதாநாயகி அந்தக் காலத்துப் பெண்ணாகவே இருந்தாள். டிஜிட்டலில் அந்தக் காலத்து உடுப்பை வாடகைக்கு எடுத்தவளாகத் தெரிந்தாள்.

ஆனால் ஃபிலிம் கேமராவில் கேட் என்று ஒரு சனியன் உண்டு. லென்ஸுக்குப் பின்னால் ஃபிலிம் ஓடும் சின்ன ஜன்னல். ஃபிலிமிலிருந்து உரிந்த இழை ஒன்று அதன் ஓரத்தில் ஒட்டினால் போச்சு. திரையில் மரவேர் மாதிரி ஆடும். லேபில் கழுவி வரும்வரை யாருக்கும் தெரியாது. அதனால் ஷாட் ஓகே ஆனதும் உதவியாளர் லென்ஸைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்து “சுத்தம்” என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் செட்டைப் பிரிப்பார்கள்.

பங்களா செட்டில் அன்று கடைசி ஷாட். மகனின் கடிதத்தை அப்பா படிக்கிறார். நான்கு நிமிடம், வெட்டே இல்லை. அந்த நடிகர் அழவில்லை, சுற்றி நின்றவர்கள்தான் அழுதார்கள். நம் ஆளும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். “கேட்?” என்று இயக்குநர் கத்தினார். “சுத்தம்” என்றது இவர் வாய்.

செட் சுவரைப் பெயர்க்கும் சத்தம் கேட்டபோதுதான், தான் குனிந்து கேட்டைப் பார்க்கவே இல்லை என்பது அவருக்கு உறைத்தது. வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். கேமரா அடுத்த படப்பிடிப்புத் தளத்துக்குப் போன பிறகு லென்ஸைக் கழற்றிப் பார்த்தார். ஒன்றுமில்லை. ஆனால் தூக்கிப் போன குலுக்கலில் எது இருந்திருந்தாலும் உதிர்ந்திருக்கும்.

லேபிலிருந்து வர மூன்று நாள். அந்த மூன்று நாளும் வீட்டில் பூட்டு, தாழ்ப்பாள் எதையும் அவர் விட்டுவைக்கவில்லை.

“என்னங்க, அந்தத் தாழ்ப்பாள் உங்கள என்ன பண்ணுச்சு? நாலாவது தடவையா இழுக்குறீங்க” என்றாள் மனைவி.

சொன்னார்.

“தூசி இருந்தா?”

“மறுபடியும் செட் போடணும். என் பேர் நாறிடும்.”

“இல்லன்னா?”

குழாய் சொட்டுகிறதா என்று பார்க்கப் போய்விட்டார்.

மூன்றாம் நாள் திரையில் அந்த நான்கு நிமிடம் ஓடியது. அவர் நடிகரைப் பார்க்கவே இல்லை, நாலு ஓரத்தையும்தான் பார்த்தார். ஒரு தூசி இல்லை. இயக்குநர் கைதட்டினார். ஒளிப்பதிவாளர், இவரைவிடப் பத்து வயது சின்னவள், திரும்பிச் சிரித்தாள்.

“அண்ணே சுத்தம்னா சுத்தம்தான். நான் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன்.”

அத்தோடு தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். ஆனால் அந்தப் பாராட்டை வாங்கிக்கொள்ள அவரால் முடியவில்லை. வெளியே வராந்தாவில் அவளை நிறுத்தினார்.

“ஒரு நிமிஷம்மா. அன்னிக்கு நான் அந்தக் கேட்டைப் பாக்கல. பாக்காமதான் சொன்னேன்.”

“அதான் நல்லா வந்துருச்சேண்ணே. விடுங்க” என்று தோளைத் தட்டிவிட்டுப் போனாள்.

மறுநாள் முதல் ஷாட் முடிந்தது. அவர் மண்டியிட்டு, லென்ஸைக் கழற்றி, டார்ச் அடித்து, நான்கு மூலையையும் இரண்டு தடவை பார்த்தார். “சுத்தம்” என்றார்.

“சரிண்ணே” என்ற ஒளிப்பதிவாளர், அவர் கையிலிருந்த டார்ச்சை வாங்கிக்கொண்டு தானும் குனிந்து பார்த்தாள்.