அண்ணன் வண்டிக்குப் போட்ட தரை

என் மகளுக்கு வீசிங். தூசி பட்டால் மூச்சு இழுக்கும். தொண்ணூறுகளின் கடைசியில், பக்கத்து ஊரான எடிசனில் இருந்த என் அண்ணன் செகண்ட் ஹேண்டில் ஒரு மோட்டார்ஹோம் வாங்கினான், படுக்கை, சமையலறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி. உள்ளே இருந்த கார்பெட்டைப் பார்த்ததுமே நான் மகளோடு இறங்கிவிட்டேன். நாய் வாடை வேறு.

"கார்பெட்டை எடுத்துட்டு வேற ஃப்ளோர் போட்டுக்கோயேன். சம்மர்ல நீங்களே வண்டியை எடுத்துட்டு கிராண்ட் கேன்யன் வரைக்கும் போயிட்டு வாங்க" என்றான்.

நானும் கணவரும் சனி ஞாயிறுகளில் போய் வேலை செய்தோம். அந்த வண்டியில் ஒரு பக்கச் சுவர் சோபாவோடு வெளியே நீளும், ஸ்லைடு-அவுட் என்பார்கள். உள்ளே இழுக்கும்போது தரையை உரசிக்கொண்டு வரும். முதலில் ஒட்டிய வினைல் ஷீட் தடிமனாக இருந்ததால் கிழிந்துவிட்டது. அதைப் பிய்த்துவிட்டு மெல்லியதாக வேறு ஒட்டினோம். எனக்கு முட்டி இரண்டும் வீங்கிவிட்டன. வேலை முடிந்த அன்று மகள் அந்தத் தரையிலேயே படுத்து மதியம் முழுக்கத் தூங்கினாள். ஓர் இருமல்கூட இல்லை.

லீவு விட்டதும் சாவி வாங்கப் போனோம். வாசலில் வண்டி இல்லை.

"அதை வித்துட்டேனே! ஃப்ளோரைப் பார்த்ததும் வந்தவன் உடனே எடுத்துக்கிட்டான். சூப்பரா போட்டிருந்தே" என்று சிரித்தான்.

"எங்களை எடுத்துட்டுப் போகச் சொன்னியே அண்ணா?"

"அப்படியா சொன்னேன்?"

அவன் நடிக்கவில்லை. நிஜமாகவே நினைவில்லை. ஏமாற்றியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். மறந்துபோனவனிடம் என்ன பேசுவது? காரில் காத்திருந்த மகளிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

இன்றும் பண்டிகைக்கு அவன் வீட்டுக்குப் போகிறோம், சாப்பிடுகிறோம். அவன் ஏதாவது செய்து தருவதாகச் சொன்னால் மட்டும், தலையாட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுகிறேன்.