ராலாமிக்கு நான் அறுத்த கல்

கண்டிக்குப் பக்கத்தில், கடமையில் உயிர்விட்ட பொலிஸ்காரர்களுக்கும் தீயணைப்புக்காரர்களுக்கும் நினைவுப் பூங்கா ஒன்று கட்டியிருக்கிறார்கள். அங்கே பதித்த கல் அத்தனையும் என் பட்டறையில் அறுத்தது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். இன்று திகனயில் எனக்கு மூன்று மெஷின் ஓடுகிறது. படித்த எஞ்சினியர்மார் என்னிடம் வந்துதான் கல்லுக்கு யோசனை கேட்கிறார்கள். பெருமைதான், அதை ஏன் மறைக்க வேண்டும்? ஆனால் பெயர் வெட்டிய கற்களில் ஒன்றை மட்டும் வேலையாட்கள் யாரையும் தொடவிடாமல் நானே தேய்த்து மெருகேற்றினேன். அது ஒரு கான்ஸ்டபிளின் பெயர். பொலிஸ்காரர்களை அந்தக் காலத்தில் நாங்கள் ராலாமி என்போம்.

மடுல்கெல்லப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். எனக்கு ஒன்பது வயது. அம்மா காலையில் கைக்குழந்தைத் தம்பியைப் தோட்டத்துக் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் ஆயாம்மாவிடம் விட்டுவிட்டுக் கொழுந்து பறிக்கப் போவாள். பள்ளிக்கூடம் விட்டதும் அவனைத் தூக்கிவந்து வீட்டுத் தொட்டிலில் போட்டு ஆட்டுவது என் வேலை. அன்று கோலிக்குண்டில் ஜெயித்துக்கொண்டே இருந்தேன். பெரிய பையன்களையே தோற்கடித்துக்கொண்டிருந்தவனுக்குத் தம்பி ஞாபகமா வரும்?

யார் வீட்டு அடுப்பிலிருந்தோ தீ கிளம்பியது. வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள், லயம் முழுவதற்கும் ஒரே கூரை. மலையிலிருந்து கூடையோடு ஓடிவந்த அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“தம்பி எங்கடா?”

அடிக்குப் பயந்தேன். “தொட்டில்லதாம்மா போட்டேன்,” என்றேன்.

தோட்டத்து ஆபீசுக்குக் கடுதாசி கொடுக்க வந்திருந்த ராலாமி சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். “மாத்தயா, புள்ள! உள்ள புள்ள!” என்று அம்மா கத்தினாள். அவர் ஒரு சாக்கை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டார். என்னைப் பார்த்து, “எந்தப் பக்கம் தொட்டில்?” என்று தெரிந்த தமிழில் கேட்டார். நான் கையை நீட்டிக் காட்டினேன். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம்.

உத்தரம் விழுந்த பிறகுதான் அவரை இழுத்து வெளியே போட்டார்கள். தொட்டில் சேலையைச் சுருட்டி நெஞ்சோடு அணைத்திருந்தார். அம்மா அதைப் பிரித்தாள். உள்ளே ஒன்றுமில்லை.

அந்த நேரம் பார்த்து ஆயாம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். “பொழுது சாயப்போவுது, இவன ஒருத்தரும் வந்து தூக்கலியே! என்னாங்கடி இங்க கூட்டம்?”

அம்மா தம்பியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள், வெகுநேரம்.

மூன்றாம் நாள் ராலாமி ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். விசாரிக்க வந்த பொலிஸ் பெரியவர் முன்னால் அம்மா கைகட்டி நின்றாள். “நாந்தாங்க மாத்தயா. புள்ளைய காம்பராவுல விட்டதையே மறந்துட்டேன். தொட்டில்ல கெடக்குன்னு நெனச்சிட்டேங்க.”

அதன்பிறகு அம்மா பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனால் லயத்துப் பெண்கள் அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்று சிரிப்பார்கள். “பெத்தத எங்க வச்சோம்னு தெரியாதவ வர்றா, கொடத்தையாச்சும் பாத்து வையுடி!” அவள் குடத்தை நிறைத்துக்கொண்டு வந்துவிடுவாள். சாகும்வரை என்னிடமும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

அன்றைக்கு எனக்கு ஓர் அடிகூட விழவில்லை. அம்மாவுக்கு உண்மையாகவே மறதி, நான் தப்பித்தேன் என்றுதான் அந்தச் சின்ன வயதில் நினைத்துக்கொண்டேன்.