ஜீப் வரும் சத்தம்

எலப்புள்ளி ஊர் மெக்கானிக் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, என் பழைய இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டிப் பார்த்தார். ஐம்பதைத் தாண்டியதும் கார் நடுங்கியது. நியூட்ரலுக்குத் தள்ளினார், அப்போதும் நடுக்கம் நிற்கவில்லை. ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பியதும் அடியில் படுத்து, பின்சக்கரங்களைச் சுழற்றும் ஷாஃப்டைக் கையால் திருகினார். 'டக்' என்றது.

"இன்ஜின்ல குத்தமில்லீங்க. ஷாஃப்ட் மூட்டுல இருக்கற கிராஸ் தேஞ்சு போச்சுங்க."

அந்த 'டக்' எனக்குத் தெரியும். அப்பா இடுக்கியில் ஏலத்தோட்டத்து ஜீப் ஓட்டினார். கடைசி வளைவில் ஜீப் டக்டக்கென்று நடுங்கி ஏறுவது எங்கள் லயத்து வரிசை வீட்டுக்குள் கேட்கும். ஈர விறகுப் புகையில் கண்ணைக் கசக்கியபடி அம்மா கட்டன்சாயாவுக்குத் தண்ணீர் வைப்பாள். அப்பா செருப்பைக் கழற்றும்போது சாயா தயாராக இருக்கும்.

ஒருநாள் ஜீப்பில் கிராஸை மாற்றிவிட்டார்கள். அப்பா ஓசையில்லாமல் வந்து வாசலில் நின்றார். அடுப்பு அணைந்து கிடந்தது. அம்மாவுக்கு வந்ததே கோபம்.

"அத எதுக்குச் சரி பண்ணுனீக? நீங்க வாரதே தெரியலயே!"

மறுநாளிலிருந்து அப்பா அந்த வளைவில் ஹாரன் அடித்தார்.

"மாத்தீரலாங்களா?" என்று கேட்டார் மெக்கானிக்.

"மாத்திருங்க" என்றேன்.

சாயங்காலம் கார் நடுக்கமில்லாமல் ஓடியது. வீட்டுக்கு முந்தைய வளைவில் என் கை தானாக ஹாரனை அழுத்தியது. வீடு வந்ததும் இறங்கிப் போய் வாசல் பூட்டைத் திறந்தேன்.